பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு ஹந்த்கெமேன்

ஐம்பத்திரண்டு வயதில், வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான், பாரிஸின் லா ஷப்பலில் பட்டப்பகலில் ஒருவரின் சட்டையைப் பிடித்தேன். அதைவிடப் பெரிய மடமை, குடியிருப்பது புறநகரான லெ பிளாங்-மெனிலில் என்றாலும், என் கடிதங்களை ரூ லூயி-பிளாங்கில் உள்ள சிவம் அண்ணையின் பலசரக்குக் கடை விலாசத்துக்கே வரவிட்டது. விலாசம் மாற்றினால் குடியுரிமைக் கோப்பு வேறு பிரெபெக்தூருக்கு, அதாவது வேறு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து வரிசை என்ற பயம். அந்தத் தபால்பெட்டியில் என்னைப்போல் ஏழு பேரின் பெயர் ஒட்டியிருக்கிறது.

சென்ற சனிக்கிழமை அண்ணை நீட்டிய கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். நேர்முகத்துக்கு நான் வராததால் கோப்பு மூடப்பட்டதாம். எந்த நேர்முகம்? அண்ணை மெல்லப் பிள்ளையார் படத்தைத் தூக்கினார். வாடிய பூவுக்குள் பதிவுத்தபால் துண்டு. கெடு முடிந்து, தபால் நிலையம் நேர்முக அழைப்புக் கடிதத்தை எப்போதோ திருப்பி அனுப்பியிருந்தது.

"அண்டைக்கு அட்டமி தம்பி. முந்தி அட்டமியிலை குடுத்து ஒருத்தனுக்கு ரெஃப்யூ வந்தது, ஏலாதெண்டு மறுத்துப்போட்டாங்கள். நல்ல நாள் பாத்துத் தருவம் எண்டு வைச்சன், மறந்து போச்சு."

"எனக்கு நாள் பாக்க நீர் ஆர் ஐசே?"

பிடித்துவிட்டேன். அவரும் என் கையைப் பிடித்தார். அரிசி மூட்டையில் மோதி வாசலுக்கு வந்தோம். எதிரே போலீஸ்காரர்.

"பகார்?" சண்டையா என்று கேட்டார்.

"நோன் மிசியூ, கூஸின்," சொந்தக்காரர் என்றோம் இருவரும் ஒரே குரலில். என் கைகள் அவர் கொலரை நீவிவிட்டன.

"இங்கே எல்லோரும் கூஸின்தான்," என்று முனகிவிட்டுப் போலீஸ்காரர் போனார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறு வருடம் காகிதம் சேர்த்தேன். மொழிப் பரீட்சையில் என் மகனின் வயதுக்காரர்களோடு உட்கார்ந்தேன். அத்தனையையும் ஒரு அட்டமி தின்றுவிட்டது. இலங்கைக் கடவுச்சீட்டும் காலாவதி. எந்த நாட்டுக்காரனாக நான் கோபப்படுவது?

மனைவியின் தம்பி ரொட்டர்டாமிலிருந்து வந்தவன், எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்தவன். திரும்பும் ரயிலில் சொன்னான்: "அத்தான், இதுக்கு ஒல்லாந்திலை ஹந்த்கெமேன் எண்டுவினம். சின்னக் கைகலப்பு. பேப்பரிலை நாலு வரி வரும்."

நாலு வரி! ஷெல் விழுந்த ஊரில் சட்டையைப் பிடித்ததெல்லாம் யாருக்குச் செய்தி? என் வாழ்க்கையின் முதல் சண்டைக்கு ஒரு ஐரோப்பியச் சொல்லாவது கிடைத்ததே என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா கோவியாதேங்கோ அத்தான்," என்றான். "வாசலிலை நிண்ட சனம் அதைச் சண்டையெண்டு நினைக்கேல்லை. உங்களுக்குத் தலைசுத்தி அவரைப் பிடிச்சனீங்கள் எண்டு தண்ணிப் போத்தில் எடுக்க ஓடினவை."