உப்பை அளந்த மீட்டர்

வெளிச்சத்தை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர் கொடுத்தது. பள்ளிக்கூடம் போகாமல் போட்டோ பிடித்துப் பிழைக்கும் எனக்கும் அதன் முள்ளைப் பார்க்கத் தெரியும்.

போன கோடையில் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த செல்லக்கனி என்னைக் கூப்பிட்டாள். "ஆதார் கார்டுல பேய் மாதிரி இருக்கேன் அண்ணாச்சி. மகளுக்குக் குடுக்க நல்லதா ஒரு படம் எடுத்துத் தாங்க."

மீட்டரை முகத்தருகே பிடித்துத்தான் அளக்க வேண்டும். நான் நெருங்கியதும் அவள் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். "கிட்ட வராதிய, வேர்வை நாறும்."

எனக்கும் கூச்சமாகிவிட்டது. நின்ற இடத்திலிருந்தே மீட்டரை நீட்டினேன். அது அவளுக்குப் பின்னால் வெயிலில் மின்னிய உப்புக்குவியலை அளந்தது. அந்த வெளிச்சத்துக்குக் கேமராவை வைத்தால் முகம் இருண்டுவிடும். தப்பு என்று தெரிந்தேதான் பிலிமில் எடுத்தேன்.

பிலிமைக் கழுவுமுன் நெஞ்சுவலியில் அவள் போய்விட்டாள். படம் வாங்க மகள் வந்தாள். படத்தில் உப்பு பளிச்சென்று இருந்தது. முகம் கரியாக இருந்தது.

"அம்மா கண்ணு இதுல எங்கன இருக்கு, தாத்தா?"

கருப்பில் விரல் வைத்து, "இங்கன, தாயி" என்றேன். அவளும் அங்கே விரலை வைத்து வெகுநேரம் நின்றாள்.

"வேர்வைதானே, இருக்கட்டும்" என்று அன்றைக்குச் சொல்லி நெருங்கியிருக்கலாம். எனக்கு அந்த ஒரு வார்த்தை வராததால், ஒரு பெண்ணுக்கு அம்மாவின் முகம் இல்லாமல் போனது.