இரண்டு கோட் பட்டி

குழாயை மூடாமல் விட்டுப் போனது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

தர்மபுரியில் படித்த கடைசி இரண்டு வருடம் நாங்கள் மூன்று பெண்கள் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பெண்பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பது லேசா? கறி ஆக்குவீங்களா, யாராவது வந்து போவாங்களா என்று கேட்டுக் கேட்டே ஏழெட்டு வீட்டுக்காரர்கள் விரட்டினார்கள். கடைசியில் பாலக்கோட்டில் குடியிருந்த ஓர் அம்மா, தர்மபுரியில் பூட்டிக் கிடந்த தன் வீட்டைக் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அட்வான்ஸ் மட்டும் பதினைந்தாயிரம் கேட்டார்.

என் பங்கு ஐயாயிரத்துக்கு அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். "எங்கண்ணன் வூட்டுக் கல்யாணத்துக்குள்ள அட்வான்ஸ் திரும்ப வந்துரும். மீட்டுக்கலாம் வுடு" என்றாள். அவளுக்கு அந்த ஒரு ஜோடிதான் தங்கம்.

சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரம்மா சமையலறைக் குழாயைக் காட்டினார். "ஒகேனக்கல் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வரும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. கொழாயத் தெறந்து, கீழ கொடத்த வெச்சிருங்க. புஸ்ஸுனு காத்து சத்தம் கேட்டா ஓடியாங்க." தெருவே அப்படித்தான் செய்தது. எங்களுக்கும் பழகிவிட்டது. பாடம் படிக்கும்போதும் ஒரு காது சமையலறையில்தான் இருக்கும்.

கடைசி வருடம் பொங்கலுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் ஊருக்குக் கிளம்பினோம். கடைசியாக வீட்டைப் பூட்டியவள் நான். பஸ் போய்விடும் என்ற அவசரம். குழாய் வறண்டு கிடந்ததால் அது திறந்திருந்தது கண்ணில் படவே இல்லை. திங்கட்கிழமை காலையில் வந்து கதவைத் திறந்தால் கணுக்காலுக்குத் தண்ணீர். ஒரு பழைய சாக்ஸ் மிதந்து போய்ச் சாக்கடைத் துளையை அடைத்திருந்தது. ஐயோ, அந்தச் சாக்ஸை நான் இன்றைக்கும் திட்டுகிறேன். வேறு யாரைத் திட்டுவது?

தண்ணீரை இறைத்துவிட்டோம். சுவர் குடித்ததை இறைக்க முடியுமா? ஒரு மாதத்தில் அறையின் நீளச் சுவர் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு உப்பிக்கொண்டது. விரலை வைத்தால் பொலபொலவென்று கொட்டியது. "சொல்லிரலாம்டி" என்றாள் பென்னாகரத்துக்காரி. மூவரில் நல்ல மனசு அவளுக்குத்தான். "சொன்னா அட்வான்ஸ் மொத்தமும் போயிரும். உங்கம்மா குச்சியோடவா கல்யாணத்துக்குப் போறாங்க?" என்று கத்தினேன். குச்சி செருகியது அவள் அம்மா இல்லை, என் அம்மா. கத்தும்போது அதெல்லாம் யார் பார்த்தது? அவள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பெயிண்ட் கடைக்காரர் வழி சொன்னார். கொட்டுகிற காரையைச் சுரண்டிவிட்டு, பட்டி என்கிற வெள்ளை மாவை இரண்டு கோட் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிட வேண்டும். "ஈரம் உள்ளாறதான் இருக்கும்மா. ஆறு மாசம் தாங்கும். அதுக்கப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். ஆறு மாதம் எங்களுக்குத் தாராளம்.

பரீட்சை முடிந்ததும் வீட்டுக்காரம்மா வந்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. "வூடு நல்லா வெச்சிருக்கீங்க. ஆனா உங்க காசு போர் போட்டதுல போயிருச்சு. அடுத்து வர்றவங்க அட்வான்ஸ் குடுத்தா அதத்தான் உங்களுக்குத் தர முடியும். உங்க காலேஜ்லயே புள்ளைங்களக் கூட்டியாங்களேன்" என்றார். ஊர் வழக்கமே அதுதான், புதிதாக வருகிறவர் பணம் போகிறவர் கைக்கு. வீட்டுக்காரம்மாவை ஏமாற்றத்தானே பட்டி பூசினோம்? இப்போது வேறு யாரோ வந்து மாட்டப் போகிறார்கள்.

வந்தவள் முதலாண்டுப் பெண். கூடவே அவள் அப்பா. விடியற்காலையில் தக்காளி மண்டிக்குப் போய்விட்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். குழாயைத் திருகிப் பார்த்தார். விரலை மடக்கிச் சுவரை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் நெஞ்சு உயரத்தில்தான். கொஞ்சம் குனிந்து தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். குனியுங்களேன், கண்டுபிடித்துத் தொலையுங்களேன் என்று ஒரு மனசு. குனிந்துவிடாதீர்கள் என்று இன்னொரு மனசு.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்கு வூட்டப் பத்தி என்னாம்மா தெரியும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் கூடப்பொறந்த தங்கச்சின்னா இந்த வூட்டப் புடிச்சுக் குடுப்பியா?"

"குடுப்பேனுங்க" என்றேன்.

இடுப்பில் சுருட்டி வைத்திருந்த பணத்தை எடுத்து எண்ணினார். எல்லாம் நூறும் ஐம்பதுமாக இருந்தது. வீட்டுக்காரம்மா வாங்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அம்மா தோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். யார் கேட்டாலும் காதைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

மூன்று வருடம் கழித்து, போன மாதம், அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறாள். அவளுக்கும் படிப்பு முடிந்துவிட்டதாம், வீட்டைக் காலி செய்கிறாளாம்.

"அக்கா, ரூம்ல அந்த நீளச் செவுரு அடியில எல்லாம் கொட்டிப்போச்சுங்க. வந்த வருசமே ஆரம்பிச்சிருச்சு. உள்ளயே ஈரத்துணி காயப்போட்டோம், அதனாலதான் இருக்கும். எங்க தப்புதான். அப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்கக்கா. அந்த அட்வான்ஸ நம்பித்தான் தக்காளி நாத்து வுடணும்னு இருக்காரு."

சமையலறையில் அம்மா ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் செய்த வேலை அது, உன் தப்பு இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பணத்தை யார் தருவது? என் சம்பளம் முழுக்க வீட்டுக் கடனுக்கே போகிறது.

"பட்டி பூசி மேல பெயிண்ட் அடிச்சா தெரியாதுன்னு கடையில சொல்றாங்கக்கா. அடுத்து வர்ற புள்ளைங்களுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்குது. பூசட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்கக்கா."

"பூசு" என்றேன். "ரெண்டு கோட் பூசு. மொதல் கோட் நல்லாக் காயணும். இல்லன்னா அந்தச் செவுத்துல நிக்காது."

"அந்தச் செவுத்துல நிக்காதுங்களா?" என்று நான் சொன்னதையே மெதுவாகத் திருப்பிக் கேட்டாள்.

"சரிங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.