மடிக்கு வந்த பை

விருதுநகரில் குடியிருந்து, சிவகாசிக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தும் அமெரிக்கன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், காலைப் பேருந்தில் ஆமத்தூரில் ஏறிய ஓர் அம்மா, உட்கார்ந்திருந்த என் மடியில் தன் கட்டைப்பையை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் விரல்களில் பசை காய்ந்திருந்தது; காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை பார்க்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முன்பின் தெரியாதவர் தரும் எதையும் வாங்காதே என்று விமான நிலைய ஒலிபெருக்கிகள் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். போவதோ பட்டாசு ஊருக்கு. பையோ சூடாக இருந்தது. இரண்டு நிறுத்தம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இதனுள் என்ன இருக்கிறது?" என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டேன்.

"சோறும் கருவாட்டுக் கொளம்பும் தம்பி. பசிக்குதா?"

கடைசி சீட்டுவரை சிரித்தார்கள். அதன்பிறகு தினமும் அந்தப் பை என் மடிக்கே வந்தது.

சென்ற வாரம் எனக்கு இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தேன். ஆமத்தூரில் ஏறிய அவருக்கு யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தவுடன் என் தோளிலிருந்த பையை உருவித் தன் மடியில் வைத்து, அதன்மேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். லேப்டாப்பும் பாஸ்போர்ட்டும் அதில்தான் இருந்தன. சிவகாசி வரும்வரை நான் கண்ணிமைக்காமல் காவல் காத்தேன்.

"இந்தாங்க தம்பி. எம்புட்டுக் கனம்" என்று தந்துவிட்டு இறங்கிப் போனார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.