கரிபிடித்த அழிரப்பர்

அந்த நீலத் தகரப் பிஸ்கட் ரின்னைத் திறந்தால் எனக்கு இப்போதும் படம் கீறும் கரி மணக்கிறது. எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில், எங்களுக்கு ஓவியம் படிப்பித்த ரீச்சரின் அறை வாசலில் இருந்த ரின் அது. சனிக்கிழமைகளில் நாங்கள் ஆறு பேர், எல்லாரும் இருபதைத் தாண்டியவர்கள், ஷிப்ட் முடிந்த கையோடு ஓடி வருவோம். உள்ளே போகுமுன் அழிரப்பரை அதில் போட்டுவிட வேண்டும். "பிழைச்ச கோடு கிடக்கட்டும். பக்கத்திலை சரியானதைக் கீறுங்கோ" என்பார் ரீச்சர். படத்தில் ஒரு கைக்கு மூன்று முழங்கை முளைக்கும். அப்பப்பா, அங்கே எனக்கிருந்த சந்தோஷம்!

ஒரு திங்கட்கிழமை ஓவியக் கல்லூரி நேர்முகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினாறு படங்கள் கொண்டுபோக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் பெற்றோல் செட் வேலையே கதி. நான் செய்த வேலையைக் கேளுங்கள்: வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்து, பதினாறிலும் பிழைத்த கோடுகளைத் துப்புரவாக அழித்தேன். ஊரில் பள்ளிக்கூடக் கொப்பி துப்புரவாக இருந்தால்தானே புள்ளி! அந்தப் பழக்கம் லண்டன் வந்தும் என்னை விடவில்லை.

மறுநாள் அழிரப்பரை ரின்னில் போட்டுவிட்டுப் படங்களைப் பெருமையாக நீட்டினேன். ரீச்சரின் முகம் கறுத்தது. "என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீர்? நீர் யோசிச்ச இடமெல்லாம் போயிட்டுதே!" நான் அழுதேவிட்டேன். ஹரோவிலிருந்து வருகிற, எங்களில் மூத்த அண்ணை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடு அறையில் வந்து நின்றார். "அழுதது காணும், தங்கச்சி. நான் நிக்கிறன், பதினாறையும் திரும்பக் கீறு."

அவ்வளவுதான்! ஒருவர் களைத்தால் அடுத்தவர் வந்து நின்றார். ஷிப்டை மாற்றிக்கொண்டு ஞாயிறும் வந்தார்கள். ரீச்சர்கூட, கையில் பிடித்த தேத்தண்ணி ஆறும்வரை அசையாமல் இருந்தார். என் கை ஓடியது, பிழைத்தது, திரும்பவும் ஓடியது. பதினாறாவது படம் முடிந்தபோது நாங்கள் கத்திய கத்தலில் கீழ்க் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை நேர்முகத்தில் ஓர் அம்மையார், மூன்று முழங்கையோடு நின்ற அண்ணையின் படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். எனக்கு இடம் கிடைத்தது.

ரீச்சர் அந்த அறையை மூடியபோது ரின்னை எனக்குத் தந்தார். இன்று அது என் ஓவிய வகுப்பு வாசலில் இருக்கிறது. மற்றவர்கள் எடுக்க மறந்த அழிரப்பர்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. ஒன்று மட்டும் கரிபிடித்துப் பாதியாய்த் தேய்ந்திருக்கிறது. "இது ஆரின்ரை, அன்ரி?" என்று படிக்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"என்ரைதான்" என்பேன். "அதுக்குள்ளை பதினாறு படம் கிடக்கு."