சர்போமா பேர் வைத்த துணி

குமாசி பெரிய சந்தையில் ஒரு துணி விலைபோவதும் போகாததும் மில்காரன் கையில் இல்லை. துணிக்குப் பேர் வேண்டும். பேரில்லாத துணியைச் சும்மா கொடுத்தாலும் எங்கள் பெண்கள் தொடமாட்டார்கள். மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் இரண்டு நடை நடந்தால் போதும், சேதி போய்ச் சேர்ந்துவிடும். புதுத் துணி வந்தால் பெரிய வியாபாரி ஒருத்தி அதைத் தன் கடை முகப்பில் தொங்கவிடுவாள். முதலில் வருகிறவள் "இதுக்கு என்ன பேரு?" என்பாள். அப்போது என்ன சொல்லப்படுகிறதோ அதுதான் பேர். ‘நீ பேசு, நான் தூங்கறேன்’, ‘சக்களத்திக்குக் கண் வலி’ எல்லாம் அஜோவா சர்போமாவின் வாயிலிருந்து வந்தவை. மற்றவர்களும் பேர் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை.

சர்போமா கல்யாணம் பண்ணிக்கொண்டது லமிதியை. நைஜீரியாவில் ஒக்போமோஷோவிலிருந்து பையனாக வந்து, எதிர் வரிசையில் பீங்கான் பூச்சுத் தட்டுகள் விற்றவன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதன். எங்கள் கானா விடுதலையாகி நிக்ரூமா தலைவராக இருந்த காலம் அது. ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே நாடாக வேண்டும் என்று அவர் பேசப் பேச, சந்தையில் மீன் விற்கிறவள்கூட காங்கோவைப் பற்றிக் கவலைப்பட்டாள். ஒபிரி என்ற இளம் வக்கீல் கட்சியில் அப்போது வளர்ந்துகொண்டிருந்தான். லமிதிக்கு அவன் சிநேகிதன். கல்யாணத்துக்கு வந்து, வேர்க்கடலைக் குழம்பில் புஃபூ உருண்டைகளை முக்கி முக்கித் தின்றுவிட்டு, ஸ்டூல் மேல் ஏறிவிட்டான். வெள்ளைக்காரன் போட்ட கோடுகளை இந்த இரண்டு பேரும் பாயில் படுத்தே அழித்துவிடுவார்கள் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சர்போமா வெட்கப்பட்டாலும் நம்பினாள். கடைசி வரைக்கும் நம்பினாள் என்றே சொல்லவேண்டும். கனவு கண்ட நிக்ரூமா மேல் அவளுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அந்தக் கனவைத் தின்று ஏப்பம் விட்டவன் மேல்தான் கோபம்.

பட்டாளத்துக்காரர்கள் நிக்ரூமாவைக் கவிழ்த்தார்கள். ஒபிரி ஒரே வாரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டான். மூன்று வருஷம் கழித்து வந்த புது அரசாங்கம், தங்குவதற்குக் காகிதம் இல்லாத வெளிநாட்டார் எல்லோரும் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்றது. லமிதியிடம் காகிதம் இல்லை. இருபது வருஷமாக யார் கேட்டார்கள்? ஒபிரியிடம் ஓடினான். "நான் இருக்கும்போது உனக்கென்ன காகிதம்? கடையத் தொறந்து வியாபாரத்தப் பாரு" என்று முதுகில் தட்டி அனுப்பினான் ஒபிரி.

கெடு முடிந்த மறுநாள் போலீஸ் ஜீப் வந்து வரிசை முனையில் நின்றது. லமிதி கடைக்குள் குனிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான், அவன் பார்க்கவில்லை. எதிர்க் கடையிலிருந்து சர்போமா பார்த்தாள். ஜீப்பின் பின் இருக்கையில் ஒபிரி உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக ஒரு விரல் நீண்டு லமிதியின் கடையைக் காட்டியது. "வெளியாளு, அந்தக் கடையில" என்ற குரலும் கேட்டது. போலீஸ்காரர்களை இறக்கிவிட்டு ஜீப் கிளம்பிப் போனது; அவர்கள் நடந்து வந்தார்கள்.

லாரியில் ஏற்றும்போது அவள் புருஷனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. ஒபிரியா, நம்ம கல்யாணத்தில் பேசினவனா, உனக்குக் கண் சரியில்லை என்றான். ஒபிரி காகிதம் வாங்கி அனுப்புவான், மழைக்கு முன்னால் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தட்டுக்கடையில் அடுத்த மாதம் ஒபிரியின் தங்கை உட்கார்ந்தாள்.

அப்போது சர்போமாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்குவதற்குள், லமிதி காய்ச்சலில் போய்விட்டான் என்று ஒரு லாரி டிரைவர் வந்து சொன்னார். போய்ப் புதைத்த இடத்தையாவது பார்த்துவிட்டு வா என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். எல்லையில் காகிதம் கேட்பார்கள், என் புருஷனைத் துரத்தின காகிதத்தை நான் கையில் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றாள். வறட்டுப் பிடிவாதம்தான். அந்தப் பிடிவாதத்தில்தான் பிள்ளையை வளர்த்தாள், கடையை நாலாக்கினாள், சந்தைக்கே பெரியவளானாள். ஒபிரியைத் தெருவில் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்வாள். பாம்பு தேடி அலைகிறவள் இல்லை அவள், புற்றுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருக்கிறவள்.

காலம் ஒபிரியை நன்றாகவே வைத்துக்கொண்டது. நிக்ரூமாவைப் புகழ்வது மறுபடி நாகரிகம் ஆனதும் ஒபிரிக்கும் பழைய ஞாபகம் வந்தது. ‘ஆப்பிரிக்க ஒற்றுமைப் பேரவை’ என்று ஒன்று தொடங்கி, தலைவரோடு தோளோடு தோள் நின்றவன் என்று ஊர் ஊராகப் பேசினார். தலை நரைத்ததும் நாங்களும் ‘அவர்’ போட ஆரம்பித்துவிட்டோம், என்ன செய்வது. எழுபதாம் பிறந்தநாளுக்குப் பேரவை மாநாடு கூட்டி, நாலைந்து நாட்டு விருந்தினர்களை அழைத்தார். அதற்கென்று ஒரு துணி அடித்தார். நீல நிறத்தில் ஆப்பிரிக்க வரைபடம், அதற்கு நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட அவர் முகம்.

துணி விற்க வேண்டுமே. சர்போமாவின் கடைக்கு அவரே வந்தார்.

"பழசெல்லாம் அரசாங்கம் பண்ணது அஜோவா, நம்ம கையில என்ன இருந்துச்சு. நீ வாய் தொறந்தா சந்தையே வாங்கும். ‘ஒரே தாய்’னு ஒரு பேரு வச்சுடு."

"என் வாய்க்கு வர்ற பேர வைக்கிறேன் வக்கீலய்யா. துணிய எறக்கிட்டுப் போங்க" என்றாள் சர்போமா.

அவர் போனதும் மூட்டையைப் பிரித்தாள். துணியைத் தொங்கவிட்டாள். காய்கறிக்காரி ஒருத்தி நின்று, இதுக்கென்ன பேர் என்று கேட்டாள். சர்போமா அவசரப்படவில்லை. துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு, "துணிக்குள்ள பூச்சி" என்றாள்.

உன்னைக் கடிக்கிற பூச்சி உன் துணிக்குள்ளேதான் இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. காய்கறிக்காரி துணியில் இருந்த ஒபிரியின் முகத்தைப் பார்த்தாள், எதிரே லமிதி இருந்த கடையைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு கஜம் வெட்டச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. சீட்டுப் பணத்தை அமுக்கின தோழி முன்னால் கட்ட ஒருத்தி வாங்கினாள். தங்கை புருஷனைப் பற்றிச் சந்தேகம் வந்தவள் வாங்கினாள். கோயிலில் பாதிரியார் மேல் கோபமாக இருந்த பாடகர் குழு மொத்தமாக வாங்கியது. துரோகம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

ஒபிரியிடம் சொல்ல யாருக்குத் தைரியம்? துணி தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். ஊர் தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறதா என்று அவர் கண் கலங்கி, இன்னொரு மடங்கு அடிக்கச் சொன்னார். அந்தச் சேதி வந்தபோது சர்போமா மக்காச்சோளக் கென்கே தின்றுகொண்டிருந்தாள். புரையேறும்வரை சிரித்தாள்.

மாநாட்டு மண்டபம் நீலமாக இருந்தது. மேடையில் டோகோ நாட்டு லோமேயிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் இருந்தார். துணி வியாபாரியின் மகள் அவர், வாய் சும்மா இருக்குமா? மைக்கைப் பிடித்து, இவ்வளவு பேர் கட்டியிருக்கிறீர்களே, இந்தத் துணிக்கு என்ன பேர் என்று கேட்டார்.  பின் வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி பேரைச் சொன்னாள். அப்புறம் எல்லோருமே சொன்னார்கள். ஒபிரி சிரித்தபடியே திரும்பிப் பக்கத்திலிருந்தவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்துபோனது.

மறுநாள் கடைக்கு வந்தார். கத்தவில்லை. நல்ல பேர் ஒன்றாக மாற்று, உனக்கு என்ன வேண்டுமோ கேள் என்றார்.

"என் புருஷன எங்க பொதச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் சர்போமா. "போயி, தேடி, அவருக்கு ஒரு வாய் தண்ணி ஊத்திட்டு வந்து சொல்லுங்க. லாரியில போங்க. கோடே இல்லேன்னு என் கல்யாணத்துல சொன்னீங்களே, நடந்து பாத்துட்டு வாங்க."

போனார். பேரை அழித்தாக வேண்டும், வேறு வழி இல்லை. பேரவையிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள், பேரன்கூடத் துணிப் பேரைச் சொல்லிக் கேலி பண்ணினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் அடிதடி செய்துவிட்டு வந்தான். மாதம் ஒன்று ஆகும் சமயத்தில் திரும்பினார். கால் வீங்கியிருந்தது, கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. சர்போமா ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

டோகோ, பெனின், நைஜீரியா, மூன்று எல்லையிலும் இறக்கிவிட்டார்களாம். எந்தக் கொடிக்குக் கீழே எந்தச் சிப்பாய்க்கு எவ்வளவு என்று டிரைவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். கடைசி எல்லையில் ஒரு சின்னப்பயல் தடியால் காட்டி, வெளியாளெல்லாம் அந்தப் பக்கம் போய் உட்கார் என்று வெயிலில் உட்காரவைத்தானாம். ஒக்போமோஷோவில் லமிதியின் தம்பி வீட்டு முற்றத்தில்தான் சமாதி. தண்ணீர் ஊற்றினாராம். குமாசிக்காரர் வந்திருக்கிறார் என்று அவர்கள் ஆட்டுக்கறி சமைத்துப் போட்டார்களாம்.

ஒபிரி உடைந்த கண்ணாடியைக் கழற்றினார். மீதியைச் சொன்னார்.

"சாகிற அன்னைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தானாம். ‘என் சிநேகிதன் ஒபிரி காகிதம் அனுப்பியிருப்பான், லாரி வந்துச்சான்னு பாரு’ன்னானாம். அவங்க என் பேரக் கேட்டாங்க, அஜோவா. நான் சொல்லல. வேற பேரு சொன்னேன்."

சர்போமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கால் நூற்றாண்டு அழாத அழுகை. கடைக்கு வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். ஒபிரியும் அழுதார். அழுது முடித்துத் துடைத்துக்கொண்டு, நீ சொன்னதைச் செய்துவிட்டேன், இனி துணிக்கு வேறு பேர் வைத்துவிடு என்றார்.

சர்போமா நிமிர்ந்து பார்த்தாள். முகம் நனைந்திருந்தது. குரல் காய்ந்திருந்தது.

"அவருக்கு நீங்க ‘வெளியாளு’ன்னு பேரு வச்சீங்க. அத யாரு மாத்தினா? அந்தப் பேரோடதானே மண்ணுக்குள்ள போனாரு. நீங்களும் உங்க பேரோட போங்க."