பொதுப் பாத்திக்குப் போன வெள்ளைத் திராட்சை

ஊரில் இல்லாத உறுப்பினர், தன் பாத்தியைக் கவனிக்க ஒருவரை எழுத்து மூலம் நியமித்திருந்தால், அந்தப் பாத்தியில் யாரும் கை வைக்கக்கூடாது. நின்று வளரும் கொடியையோ செடியையோ பிடுங்குவதற்கு முன் உரியவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் சமூகத் தோட்டத்தின் விதி இது. வரிக்கு வரி எனக்குத் தெரியும், ஏனென்றால் வரைந்தவன் நான். அரசு அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறு என்ன வேலையைக் கொடுப்பார்கள்?

தோட்டம் கனடாவில், மாண்ட்ரியல் நகரின் அஹுன்ட்சிக் பகுதியில், ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. எல்லோரும் தக்காளி போட்டார்கள். நான் மதலேன் ஆன்ஜெவின் போட்டேன். பிரான்சில் பிறந்த வெள்ளை ஒயின் திராட்சை அது. மாண்ட்ரியலில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. மற்ற ஒயின் திராட்சைகள் இங்கே பழுப்பதற்குள் உறைபனி முந்திக்கொள்ளும். இது கோடை முடிவதற்குள் பழுத்துவிடும். வாயில் போட்டால் முதலில் பூ மணம், பின்னால் ஒரு சுருக்கென்ற புளிப்பு. குளிர்தான் ஆகாது. அதனால் தண்டைத் தரையோடு சாய்த்தே வளர்ப்பேன். இலை உதிர்ந்ததும் கம்பியிலிருந்து அவிழ்த்துப் படுக்கவைத்து, மண்ணும் வைக்கோலும் போட்டு மூடி, பனி உருகிய பிறகு எழுப்புவேன்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. அதன் பூவில் பெண் பாகம் மட்டும்தான் உருப்படியானது. சொந்த மகரந்தம் எதற்கும் உதவாது. வேறொரு கொடியின் மகரந்தம் படாவிட்டால் பூவெல்லாம் கொட்டிவிடும். அதற்காகவே ஆற்றங்கரையில் மண்டிக் கிடக்கும் காட்டுத் திராட்சையிலிருந்து ஓர் ஆண் கொடியின் தண்டை வெட்டி வந்து பாத்தி ஓரத்தில் நட்டிருந்தேன். ஆண் கொடி காய்க்காது, முந்திப் பூக்கும். அந்த மகரந்தத்தை ஒரு ஃபிலிம் டப்பாவில் சேர்த்து, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளைக் கொடி பூத்ததும் தூரிகையால் தடவுவேன்.

பக்கத்துப் பாத்திக்காரர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இளையவர். முதல் தடவை பார்த்ததும் சிரித்தார். “என்ன ஐயா, கொடிக்குப் பொட்டு வைக்கிறியளோ?”

“பூச்சி செய்யவேண்டிய வேலை, தம்பி.”

“அப்ப பூச்சிக்கு லீவோ?”

1994 ஜூன் கடைசியில், தூரிகை வேலையை முடித்துவிட்டுச் சென்னைக்குப் போனேன். அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை. விதிப்படி அந்தத் தம்பியை நியமித்து எழுதி, தோட்டத் தலைவர் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் போனேன். தலைவரும் சென்னைக்காரர்தான், ஓய்வுபெற்ற பேராசிரியர்.

செப்டம்பரில் திரும்பியபோது என் பாத்தியில் என் எண் பலகை இல்லை. ‘பொதுப் பாத்தி’ என்று பிரெஞ்சில் எழுதிய பலகை நின்றது.

“நான் சொன்னனான் ஐயா, அவர் எழுதித் தந்துட்டுத்தான் போனவர் எண்டு,” என்றார் தம்பி. “கேக்கேல்லை. காய்ச்சு நிண்டதை வச்சுக்கொண்டு மற்றதை வேரோட பிடுங்கிப் போட்டினம்.”

அந்த வாரமே அறுவடை விழா. தலைவர் ஒரு காகிதக் கோப்பையில் வெளிறிய சாறு ஊற்றி நீட்டினார். “கோச்சுக்கிட்டீங்களா சார்? பாத்தி ஆளில்லாம கெடந்துது, காய்க்கிற கொடிய காப்பாத்தி பொதுவுல சேர்த்தோம். இன்னொண்ணு உதவாக்கரை, சும்மா நிழலுக்கு நின்னுது. நீங்க நன்றியில்ல சொல்லணும்?”

என் திராட்சையை எனக்கே விருந்தாகக் கொடுத்தார்கள். குடித்தேன். நல்ல சாறு. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மனிதர் எந்தக் கொடியைப் பிடுங்கினார் என்பது இவருக்கே தெரியாது.

மறுநாள் தோட்டக் குழுவுக்கு பிரெஞ்சில், இலக்கணப் பிழையில்லாமல், ஒரு கடிதம் எழுதினேன். கேட்டது ஒன்றுதான்: எந்த விதியின் கீழ் என் பாத்தி எடுக்கப்பட்டது? மகரந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பதில் வரவில்லை.

அந்த ஆண்டும் பின்வந்த ஆண்டுகளிலும் இலை உதிர்ந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைக் கொடியை மண்ணில் படுக்கவைத்தேன். தலைவர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துப் பாராட்டினார். பழி வாங்க வேண்டுமென்றால் கொடி உயிரோடு இருக்க வேண்டாமா?

அடுத்த கோடையில் பூ நிறையப் பிடித்தது. ஒரு வாரத்தில் எல்லாம் தரையில் கிடந்தது. மீன் உரம் வைத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு கிளைகளைக் கண்டபடி கழித்தார்கள். மறுபடியும் பூ கொட்டியது. தலைவர் என்னை வழிமறித்தார்.

“என்ன சார் இது, உங்ககிட்ட காய்ச்சுதே!”

“அப்போது என் பாத்தி. இப்போது பொதுப் பாத்தி. பொதுச் சொத்தில் தனி ஆள் தலையிட விதி இல்லை.”

“விளையாடாதீங்க. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“என் கடிதத்துக்குப் பதில் வரட்டும், சொல்கிறேன்.”

அவர் தம்பியிடமும் கேட்டிருக்கிறார். “எனக்குக் கத்தரிக்காய் மட்டுந்தான் தெரியும் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார் தம்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தலைவர் தினமும் காலையில் ஆற்றங்கரையில் நடப்பார். ஜூன் தொடக்கத்தில் அவர் போகும் பாதை முழுக்கக் காட்டுத் திராட்சை பூத்து மணக்கும். மருந்தை உரசிக்கொண்டே நடந்துபோகும் மனிதரைப் பார்க்க, நானும் சில நாள் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வயதான காலத்தில் இதுபோன்ற சந்தோஷங்கள் குறைவு.

ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் ஆற்றங்கரை ஆண் கொடிகளின் மகரந்தத்தால் டப்பாவை நிரப்பினேன். பதில் வந்தால் அந்த ஆண்டுப் பூவை வீணாக்கக்கூடாது. வராததால் இரண்டு ஆண்டும் சிங்க்கில் கொட்டினேன். மூன்றாவது ஆண்டு மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தபடி கேட்டாள்: “இதையும் கொட்டத்தான் போறீங்களா? அந்த இடத்துல தயிராவது வைப்பேன்.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறு,” என்றேன்.

தோட்டத்தில் வெள்ளைக் கொடியின் மொட்டுகள் அப்போது விரியும் தறுவாயில் இருந்தன. அந்த வாரம்தான் குழுவின் கடிதம் வந்தது. விதி மீறப்பட்டது, வருந்துகிறோம், பாத்தியும் கொடியும் இன்றுமுதல் மீண்டும் உங்களுடையவை. கடைசி வரி மட்டும் தலைவரின் கையெழுத்தில், தமிழில் இருந்தது: ‘இப்பவாவது சொல்லுங்க சார்.’

கடிதத்தின் மூலையில், நான் எந்தக் கடிதம் வந்தாலும் செய்வதுபோல, கிடைத்த தேதியைக் குறித்தேன்: 1997 ஜூன் 16.