மலை தெரியும் அறை

அடி அண்ணாமலைக்குப் பின்னால், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாங்கள் ஒரு மனை வாங்கியிருந்தோம். கார்த்திகை தீபம் ஏற்றிய மூன்றாம் நாள், கூட்டம் வடிந்த பிறகு, கணவரை ஆட்டோவில் அங்கே அழைத்துப்போனேன். பக்கவாதம் வந்து அவருடைய இடது கால் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் சக்கர நாற்காலியை இப்படித் தள்ளு, அப்படித் தள்ளு என்று என்னைப் பாடாய்ப் படுத்தினார். கடைசியில் மலைப் பக்கத்து மூலையில் நிறுத்தச் சொன்னார்.

"இங்கதான் என் கட்டிலு. இங்க ஒரு ஜன்னலு. படுத்துக்கிட்டே பாக்கணும்."

இந்த ஊரில் வீடு கட்ட வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம்.

மார்கழி பிறந்தது. மார்கழியில் மண்ணில் கடப்பாரை போடக்கூடாது. காகிதத்தில் எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டலாம். எஞ்சினியர் வாரம் ஒரு வரைபடம் கொண்டுவந்தார். சமையலறை இடம் மாறியது, மாடிப்படி வெளியே போனது. அந்த ஜன்னல் மட்டும் அசையவில்லை. மண் எப்படி என்று பார்த்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"தையில பூஜை போட்டுட்டு தோண்டிப் பாத்துக்கலாம் மேடம். மார்கழில எவனும் கடப்பாரைய தொட மாட்டான்" என்றார்.

மார்கழி நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் தனியாகப் போய்ப் பார்த்தேன். பாதி மலையைப் பனி மூடியிருந்தது. மனை முழுவதும் உலரத் தொடங்கியிருக்க, அந்த மூலையில் மட்டும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தேங்கிய தண்ணீர் என்றுதான் நினைத்தேன். அதில் கிடந்த சருகு ஒன்று மெதுவாக நகர்ந்து எல்லைக்கல்லைத் தாண்டிப் போனது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து நிலத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது ஓடை, அக்கா. மலைத்தண்ணி எறங்குற வழி. மண்ணு கொட்டி மூடி பிளாட்டு போட்டுட்டாங்க. மழ ஜாஸ்தியானா அது பழைய வழியிலதான் வரும்."

"வாங்கறப்பவே ஏன் சொல்லல?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? மலைய பாத்தீங்க, போயிட்டீங்க."

அவளிடம் களைக்கொட்டு வாங்கி நானே தோண்டினேன். மார்கழியாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு முழத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே வெள்ளை மணலும் உருண்ட கூழாங்கற்களும். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஏறியது. எழுந்து ஓட முடியாத மனிதரை வெள்ளம் வரும் வழியில் படுக்கவைக்க ஒரு மாதமாக உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறேன். களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் அந்த மூலைக்குத் தான் பொறுப்பில்லை என்று எஞ்சினியர் கையை விரித்தார். அறையைப் பின்பக்கம் மாற்றி வரைந்து கொடுத்தார். அங்கிருந்து மலை தெரியாது; அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும்.

அன்று மாலை புதுப் படத்தைக் கணவர் மடியில் விரித்தேன். ஓடையைச் சொன்னேன், குழியைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் தேடினார்.

"தண்ணி எப்ப வரும்?"

"பெரிய மழை பேஞ்சா."

"அடுத்த கார்த்திகையா, அதுக்கடுத்ததா?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"அதுக்குள்ள நான் இருக்க மாட்டேன்டி. பழைய மாதிரியே போடச் சொல்லு."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"போன மாசம் டாக்டரு உன்ன வெளிய உக்காரச் சொன்னாரே, எதுக்குன்னு நெனச்ச?"

அவர் புதுப் படத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"வீடு முடிய எவ்ளோ நாளாகுமாம்?"

"எட்டு மாசம்."

கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "அப்ப தை வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லு."

மறுநாள் காலையில் எஞ்சினியருக்குப் போன் செய்து, பழைய படத்தையே எடுத்துவரச் சொன்னேன்.